பட்டியல் எழுத்தர் வேலையை விட்டுவிட்டு எழுத வரலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வாய்மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நீடாமங்கலம் பக்கம், விவசாயிகளிடம் அரசு நெல் வாங்கும் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், வாங்கும் நெல்லுக்குப் பட்டியல் போடும் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருக்கிறீர்கள். வயது 31. ஆறு வருடத்தில் பதினோரு சிறுகதை எழுதி, மூன்று வெளியாகியிருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத வரலாமா? காவிரி டெல்டாவைப் பற்றித்தான் எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்களே, இனி நமக்கு என்ன மிச்சம்? தொகுப்பு போட ஒரு பதிப்பகம் நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறது, கொடுக்கலாமா? கடைசியில் புனைபெயர் பற்றியும் ஒரு வரி. கூடவே ஒரு கதையின் முதல் பத்தியையும் அதிலிருந்து கொஞ்சம் உரையாடலையும் போட்டிருக்கிறீர்கள். பார்க்க நாலு கேள்வி. எனக்கென்னவோ ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. ‘நான் எழுதுவது தேறுமா?’ என்று நேராகக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வேலையைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கூச்சம் எனக்கும் இருந்ததுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1984இல் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டராகச் சேர்ந்தேன். ஈய எழுத்துக் கோத்த காலம். அப்புறம் மெய்ப்புப் பார்க்க உட்கார்த்தினார்கள். கணினி வந்து, ஈய எழுத்து வைத்திருந்த பெட்டிகளான கேஸ்களை எல்லாம் எடைக்குப் போட்ட பிறகு, தஞ்சாவூர், சென்னைப் பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தே பிரதி திருத்திக் கொடுக்கிறேன். சொந்தமாக இரண்டு சிறுகதைத் தொகுப்பு உண்டு, கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆக, பெரிய எழுத்தாளன் என்ற முறையில் பேசவில்லை. மற்றவர்கள் எழுதியதை வரி வரியாகப் படித்தே நாற்பது வருடம் ஓட்டியவன் என்ற முறையில் பேசுகிறேன். சினிமா வசனம், தொடர் இதெல்லாம் வேறு உலகம். அந்தப் பக்கம் நான் போனதில்லை. கீழே சொல்வதெல்லாம் புத்தகத்துக்கு மட்டும்.

பணத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் பத்து சதவீத ராயல்டி என்பதுதான் பொதுவாகப் பேசப்படும் கணக்கு. 200 ரூபாய் விலையில் ஒரு தொகுப்பு, ஒரு வருடத்தில் 300 பிரதி போனால் பதிப்பாளர் சந்தோஷப்படுவார். உங்கள் பங்கு ஆறாயிரம். வருடத்துக்கு. முன்பெல்லாம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சடிப்பார்கள், அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் அதில் பாதி ஒரே மூச்சில் தீரும். இப்போது நூறு, இருநூறு என்று தேவைக்கேற்ப அச்சடிக்கிறார்கள். சிற்றிதழில் கதை வந்தால் ஒரு பிரதி வீட்டுக்கு வரும், அதுவும் ஆசிரியருக்கு ஞாபகம் இருந்தால். எழுத்தை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விதிவிலக்குகள் உண்டு. அவர்களைப் பார்த்து முடிவெடுப்பதும், லாட்டரி விழுந்தவனைப் பார்த்து நிலத்தை விற்பதும் ஒன்றுதான்.

இது இன்று வந்த நிலைமையும் இல்லை. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வந்தது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் முன்சீப்பாக இருந்தவர். உ.வே.சா. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தார். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்ததும் அந்த வேலையில் இருந்துகொண்டுதான். தி.ஜானகிராமன் பள்ளி ஆசிரியர், பிறகு வானொலி. எம்.வி.வெங்கட்ராம் கும்பகோணத்தில் சரிகை வியாபாரம் செய்தார். நடுவில் ‘தேனீ’ என்று பத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. எழுத்தையே நம்பி நின்றவர் என்றால் கு.ப.ராஜகோபாலனைச் சொல்லலாம். 1944இல், 42 வயதில், வறுமையோடு போய்ச் சேர்ந்தார். எங்கள் அச்சகத்தில் பழைய ஆட்கள் அவர் பேரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். வேலையை விடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா என்றால், வேண்டும். இன்னொன்று இருக்கிறது, அதுதான் முக்கியம். அதற்கு உங்கள் முதல் பத்திக்கு வர வேண்டும்.

உங்கள் அனுமதியோடு அதை இங்கே திரும்பப் போடுகிறேன். “பொன்னிறக் கதிரவனின் கிரணங்கள் பட்டுத் தகதகத்தபடி, இரு கரையும் தொட்டு நுங்கும் நுரையுமாகப் பாய்ந்துகொண்டிருந்தாள் காவிரித்தாய். சித்திரை மாதத்து அந்தி வேளை. படித்துறையின் கடைசிப் படியில் கால்களை நனைத்தபடி, சொல்லொணாச் சோகத்துடன் அமர்ந்திருந்தாள் மைதிலி.”

தம்பி, பிழை ஒன்றுகூட இல்லை. ஒற்று எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறது, மெய்ப்புக்காரனாகப் பாராட்டுகிறேன். ஆனால் இந்த ஆறு எங்கே ஓடுகிறது? மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. முந்தித் திறந்த வருடம் என்று எல்லாரும் பேசிய 2022இல்கூட மே 24தான், அதாவது வைகாசி. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கிருந்து பங்கு பிரித்து உங்கள் ஊருக்கு வர இன்னும் சில நாள். கடைமடைக்காரர்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். சித்திரையில் இரு கரை தொட்டுத் தண்ணீர் என்பது நம் பக்கத்தில் கனவில் வருவது. இன்னொன்று, உங்கள் ஊரில் ஓடுவது காவிரியே கிடையாது. வெண்ணாறு. கல்லணையில் பிரிந்து வந்து, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் போகிறது. இது உங்களுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். தினமும் அந்தப் பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் நீங்கள். தெரிந்தும் எழுத உட்கார்ந்தவுடன் கை காவிரித்தாய்க்குத்தான் போகிறது. ஏனென்றால் கதையில் டெல்டா என்றால் அப்படித்தான் இருக்கும் என்று படித்து வைத்திருக்கிறோம்.

சித்திரையில் அந்த ஆற்றில் என்ன இருக்கும்? மணல். நாணல். பாலத்தூணுக்குக் கீழே வெங்காயத்தாமரை மூடிய ஒரு குட்டை. பாலம் சுற்று என்பதால் ஆற்றுக்குள்ளேயே இறங்கிக் குறுக்கே போகும் டூவீலர் தடம். பையன்கள் மூன்று குச்சி நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். மைதிலிக்குக் காலை நனைத்தே ஆக வேண்டுமென்றால் மோட்டார் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். சிரிக்கச் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள்: தண்ணீரே இல்லாத படித்துறையில், பந்து எடுக்க ஓடி வரும் பையன்கள் பார்க்க, ஒரு பெண் ஏன் வந்து உட்கார வேண்டும்? வீட்டில் உட்கார இடமில்லையா? யாரையாவது எதிர்பார்க்கிறாளா? இந்தக் கேள்வி வந்தவுடன் உங்கள் கதை தொடங்கிவிட்டது. ‘சொல்லொணாச் சோகம்’ தேவைப்படாது. சொல்ல முடியாத சோகம் என்றால் நாம் எதற்குக் கதை எழுதுகிறோம்?

இனி, எல்லாம் எழுதித் தீர்ந்துவிட்டதா என்ற கேள்வி. எழுதினார்கள், நிஜம்தான். அக்கிரகாரம், சங்கீதம், வெற்றிலை, வாய்க்கால் கரை எல்லாம் வந்துவிட்டது. 1968இல் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிகளின் குடும்பங்களை எரித்துக் கொன்றது நாவல்களில் வந்துவிட்டது. ஆனால் அவரவர் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்த டெல்டாவை அவரவர் எழுதினார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் எது? கொள்முதல் நிலையத்தில் ஒரு மேஜை. பதினோரு கதைகளின் சுருக்கத்தையும் கீழே கொடுத்திருந்தீர்கள், ஒன்று விடாமல் படித்தேன். படித்துறை மூன்று, ரயில் நிலையம் இரண்டு, பழைய வீடு இரண்டு, மீதியெல்லாம் மருத்துவமனை, காதல் தோல்வி. ஒரு மூட்டை நெல்கூட எதிலும் இல்லை.

அந்த மேஜையை இந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரியும். ஓர் ஐப்பசியில் குறுவை நெல்லைக் கொண்டுபோய்க் களத்தில் கொட்டிவிட்டு, முறை வருவதற்காக என் மைத்துனரோடு நாலு ராத்திரி அங்கேயே படுத்திருக்கிறேன். மழை விட்டு விட்டுப் பெய்யும். தார்ப்பாய் மேல் தண்ணீர் தேங்கிக் குழி விழும். உள்ளே போய்க் கழியால் முட்டித் தூக்கினால் சடசடவென்று பக்கவாட்டில் கொட்டும், அந்தத் தண்ணீர் அடுத்தவர் குவியலுக்குப் போகும், சண்டை வரும். மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியும். நெல் உள்ளே முளைக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் என்பது விதி. மழை வருடங்களில் தளர்வு கேட்டுக் கடிதம் போகும், குழு வந்து பார்க்கும். அதெல்லாம் நடக்கிறபோது நடக்கட்டும். முறை வந்து, ஈரப்பதம் பார்க்கும் அந்தச் சின்ன மானியில் ஒரு கை நெல்லைப் போட்டுவிட்டு எண்ணுக்காகக் காத்திருந்த நேரத்தில், என் மைத்துனர் எண்ணைப் பார்க்கவில்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பட்டியல் எழுத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். அவனையும் கும்பிடுவது போலவே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பையன் அப்போது என்ன நினைத்தான் என்பது எனக்குத் தெரியாது. இருபது வருடமாகத் தெரியாது. சிப்பம், அதாவது மூட்டை, நாற்பது கிலோ என்று எழுதிக்கொண்டே போகிறவன் வீட்டிலும் நெல் கிடக்குமா, அதை அவன் எந்த நிலையத்துக்குக் கொண்டுபோவான், பருவம் முடிந்து வேலை இல்லாத மாதங்களில் அவன் என்ன செய்வான், கும்பிட்டவரைக் கடைத்தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வானா? இதை எழுத அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஆள் வேண்டும். நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வந்து இறங்குவதையும், மணிக் கணக்கில் வாடகை பேசும் அறுவடை வண்டியையும், 2018இல் கஜா புயல் சாய்த்த தென்னைக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போது என்ன உயரம் என்பதையும் தினம் பார்ப்பவர் நீங்கள். அதனால்தான் வேலையை விட வேண்டாம் என்கிறேன். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. பட்டியல் எழுத்தரிலும் எழுத்து இருக்கிறது என்று விளையாட்டாகச் சொல்லத் தோன்றுகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள், அச்சகத்துக்காரன் புத்தி. அலுவலக விஷயத்தை எழுதினால் வம்பு வருமா என்ற பயம் நியாயமானது. இடத்தை மாற்றுங்கள், ஆளை மாற்றுங்கள், எந்த நிலையம் என்று கண்டுபிடிக்க முடியாதபடி கலையுங்கள். உங்கள் நியமன ஆணையில் ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்றும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நடை பற்றி ஒன்று. நான் கோத்த காலத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஈயத் துண்டு. ‘கொண்டிருந்தான்’ என்று ஒரு சொல்லைக் கோக்கக் கொம்பு, க, கால், ண், டி, ரு, ந், த, கால், ன் என்று பத்துத் தடவை கை கேஸுக்குப் போய் வர வேண்டும். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு உத்தரவு போட்டிருந்தாலும் எங்கள் கேஸில் பழைய துதிக்கை ‘லை’, ‘னை’ எல்லாம் கிடந்தன. மாறிக் கோத்துவிட்டால் திட்டு விழும். பக்கத்துக்கு முப்பது ‘கொண்டிருந்தான்’ எழுதும் ஆசிரியர்களை நாங்கள் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டோம் என்பதை இங்கே எழுத முடியாது. அந்தத் தொழிலில் இருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம், ஒரு சொல்லைப் பார்த்தால் இதைக் கோக்கலாமா, விட்டுவிடலாமா என்று கேட்பது. ‘பாய்ந்துகொண்டிருந்தாள்’ வேண்டுமா, ‘பாய்ந்தாள்’ போதுமா? உங்கள் பத்தியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே கை வையுங்கள். நான் பார்த்தவரை, தொடக்கக்காரர் கதை பெரும்பாலும் மூன்றாவது பத்தியில்தான் நிஜமாகத் தொடங்கும். முதல் இரண்டும் தொண்டையைச் செருமிக்கொள்வது. இது அனுபவத்தில் சொல்வது, விதி இல்லை. செருமலே அழகாக இருந்த கதைகளையும் படித்திருக்கிறேன்.

பேச்சு மொழியில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. உங்கள் மைதிலியும் அவள் அம்மாவும் பேசிக்கொள்வது தொலைக்காட்சித் தொடரில் பேசுவது போல இருக்கிறது. ‘இஞ்ச வா’ என்று கூப்பிடுகிற ஊரில் ‘இங்கே வாயேன்’ என்று கூப்பிடுகிறார்கள். மாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் எல்லாச் சொல்லையும் காதில் விழுந்தபடியே எழுதினால் கோயம்புத்தூர்க்காரர் இரண்டு பக்கத்தில் மூடிவைத்துவிடுவார். எத்தனை வைப்பது, எத்தனை விடுவது? ஒவ்வொரு கையெழுத்துப் பிரதியிலும் நான் வேறு வேறு மாதிரி முடிவெடுத்திருக்கிறேன், சிலவற்றை நினைத்து இப்போது வருத்தமும் படுகிறேன். ஒன்று மட்டும் தைரியமாகச் சொல்வேன்: உரையாடலில் ஒற்றுப் போட்டுத் திருத்தும் என்னைப் போன்ற ஆளிடமிருந்து உங்கள் பாத்திரங்களைக் காப்பாற்றுங்கள்.

பதினோரு கதை குறைவா என்று நடுவில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சிறுகதைக்காரர் மௌனி வாழ்நாள் முழுக்க எழுதியதே இருபத்துச் சொச்சம் கதைகள்தான். எண்ணிக்கையை விடுங்கள்.

நாற்பதாயிரம் விஷயம். பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போடுவது குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பேர் அச்சுக் கூலி. எத்தனை பிரதி, எந்தத் தாள், விற்பது யார், விற்றால் யாருக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அதே பக்க அளவுக்கு உங்கள் பக்கத்து ஊர் அச்சகத்தில் விலை கேட்டு ஒப்பிடுங்கள். ஐ.எஸ்.பி.என். எண் வாங்கித் தரக் கட்டணம் என்று பட்டியலில் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள், இந்தியாவில் அந்த எண்ணை இலவசமாகத்தான் தருகிறார்கள். நான் வக்கீல் இல்லை. ஒப்பந்தங்களைப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய நிமிடமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம் நிற்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பது என்றால் எழுத்தில், கையெழுத்தோடுதான் செல்லும். கால அளவு குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. ‘எல்லா உரிமைகளும், எக்காலத்துக்கும்’ என்று ஒரு வரி வந்தால் அங்கே பேனாவை வைத்துவிட்டு யோசியுங்கள்.

நான் யோசிக்கவில்லை. 1996இல் என் முதல் தொகுப்புக்கு வீட்டுக்காரம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினேன். வாங்கியவர் பேர் வேண்டாம். அறுநூறு பிரதி, விற்பனை தன் பொறுப்பு என்றார். மூன்று மாதத்தில் மொத்தக் கட்டும் லாரி புக்கிங்கில் என் வீட்டுக்கே வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால், ஊரார் புத்தகத்துக்கெல்லாம் பிழை பார்த்தவன் புத்தகத்தில் ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கக் கட்டு, இரண்டு தடவை சேர்ந்திருந்தது. 33 முதல் 48 வரை இரண்டு முறை வரும், 49 முதல் 64 வரை வரவே வராது. எல்லாப் பிரதியிலும் இல்லை, எதில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். பரணில் ஏற்றிவிட்டேன். இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தபோது கறையான் மீதியைப் படித்து முடித்திருந்தது. சங்கிலியை மீட்க நாலு வருடம் ஆயிற்று. அதனால் நாற்பதாயிரம் என்ற எண்ணைப் பார்த்தவுடன் எனக்கு ஒரு வெறுப்பு வருகிறது, அதையும் கணக்கில் கழித்துக்கொண்டு நான் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். என் யோசனை, இந்த வருடம் தொகுப்பு வேண்டாம். கொள்முதல் நிலையத்தை வைத்து இரண்டு கதை எழுதி இதழ்களுக்கு அனுப்புங்கள். ஒரு பதிப்பாளராவது தானாகக் கேட்கிறாரா பாருங்கள்.

புனைபெயர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நாராயணசாமி என்ற வாத்தியார், கு.ப.ரா. ‘கரிச்சான்’ என்ற பேரில் எழுதியதைப் பார்த்து மயங்கித் தனக்குக் ‘கரிச்சான் குஞ்சு’ என்று வைத்துக்கொண்டார், அந்தப் பேரே நிலைத்தது. உங்களுக்கும் அப்படி ஏதாவது காரணம் இருந்தால் சரி. பொன்னிதாசன், காவிரிமைந்தன், வெண்ணாற்றுச்செல்வன் மட்டும் வேண்டாம். என் மேஜைக்கு வந்தவர்களிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், இரண்டு காவிரிமைந்தன்களுக்கு மெய்ப்பை மாற்றி அனுப்பி ஏற்கெனவே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டுவிட்டேன்.